உங்களுக்குத் தெரியுமா? மாத்திரை பறிக்கும் பொட்டாசியம்

சுங்குவார்சத்திரத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஆளை இறக்கிவிடும் நேரத்தில் மெடிக்கல் ஷாப் வாசலிலும் கூட்டம் சேரும். பிரஷருக்கு ஒரு அட்டை, மூச்சிரைப்புக்கு ஒரு பஃப், நெஞ்செரிச்சலுக்கு ஒரு கேப்ஸ்யூல். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல மருந்துகள்தான். ஆனால் இவற்றில் பலவும் இரத்தத்திலுள்ள ஒரே உப்பின் மேல் கை வைக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தடத்தில் வேலை பார்ப்பவர்களை மனத்தில் வைத்து, இந்த வாரத் துணுக்குகள் பொட்டாசியத்தைப் பற்றி.

கையிலிருக்கும் கண்ணாடியில்

செல்போன் கண்ணாடி கீழே விழுந்தும் தப்பிப்பதற்குப் பொட்டாசியமும் ஒரு காரணம். உருகிய பொட்டாசியம் நைட்ரேட் தொட்டியில், ஏறக்குறைய 400 டிகிரி செல்சியஸ் சூட்டில், கண்ணாடித் தகட்டை முக்கி வைப்பார்கள். மேற்பரப்பிலுள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேற, அவை இருந்த இடத்தில் பருமனான பொட்டாசியம் அயனிகள் நெருக்கியடித்து உட்காரும். அந்த நெருக்கம்தான் கண்ணாடிக்கு வலு. செல்போன் முகப்புக் கண்ணாடி ஆலையைப் பிள்ளைப்பாக்கத்தில் அமைக்க, கார்னிங்கும் ஆப்டீமஸும் சேர்ந்து தொடங்கிய பாரத் இன்னவேஷன் கிளாஸ் டெக்னாலஜீஸ் நிறுவனம் 2024 ஜனவரியில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. முதலீடு 1,003 கோடி ரூபாய்.

உடம்பில் எவ்வளவு?

70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் பொட்டாசியம் மொத்தமாக 130 முதல் 140 கிராம் இருக்கும். அதில் 98 சதவீதம் செல்களுக்குள்ளேயே கிடக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஓடுவது அரை கிராம்கூட இல்லை. லேப் அளப்பதோ இந்த அரை கிராமைத்தான். கல்லாவில் கிடக்கும் சில்லறையை எண்ணிக் கடையின் சொத்தை மதிப்பிடுவதைப் போல. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருந்தால் சரி. 3.5க்குக் கீழே போனால் குறைவு, 2.5க்கும் கீழே என்றால் அவசரம்.

சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு ஒவ்வொரு செல்லின் சவ்விலும் உண்டு. ஒரு சுற்றுக்கு 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. இந்தப் பம்பை 1957இல் விளக்கிய டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூவுக்கு நோபல் பரிசு வந்து சேர 1997 ஆனது. நரம்பில் செய்தி ஓடுவதும் தசை இறுகித் தளர்வதும் இதயம் தாளம் தப்பாமல் துடிப்பதும் இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான்.

ஒளிப்பதா, வடிப்பதா?

மருந்துகள் இரண்டு வழிகளில் பொட்டாசியத்தைக் குறைக்கின்றன. ஒன்று, இரத்தத்தில் இருப்பதைச் செல்லுக்குள் தள்ளி ஒளித்துவிடுவது. அப்போது உடம்பின் மொத்த இருப்பு அப்படியே இருக்கும். மற்றது, சிறுநீரிலோ மலத்திலோ வடித்துவிடுவது. இதில் இருப்பே கரையும். லேப் தாளில் இரண்டுக்கும் ஒரே எண்தான் வரும். வைத்தியம் மட்டும் வேறு வேறு. ‘பொட்டாசியம் கம்மியா? ஒரு பாட்டில் சிரப் குடி’ என்ற அவசர யோசனை ஆபத்தாவது இதனால்தான்.

பெயரின் வாலில் ‘எச்’

உங்கள் பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து தொங்குகிறதா? பெரும்பாலும் அதற்குப் பொருள், உள்ளே ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருக்கிறது என்பது. ‘நீர் மாத்திரை’ என்று நாம் சொல்லும் வகையைச் சேர்ந்தது. சிறுநீரகக் குழலில் சோடியம் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுப்பது இதன் வேலை. தடுக்கப்பட்ட சோடியம் குழலின் கடைசிப் பகுதிக்கு வந்து சேரும்போது, அதில் கொஞ்சத்தையாவது மீட்கப் பார்க்கும் சிறுநீரகம் பதிலுக்குப் பொட்டாசியத்தை விட்டுக்கொடுத்துவிடும். கால் வீக்கத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் தரும் ஃபுரோசிமைடும் இதே பண்டமாற்றைத்தான் நடத்துகிறது.

டோஸ் கூடக் கூட இழப்பும் கூடும். 12.5 மில்லிகிராமில் பலருக்குப் பெரிய மாற்றம் தெரியாது, 50இல் தெரியும். இழப்பில் பெரும்பங்கு மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே நடந்துவிடுகிறது. ஆகவே ஒரு மாதத்துக்குள் ஒருமுறை இரத்தம் பார்த்துவிடுவது நல்லது. வருடத்துக்கு ஒருமுறை வரும் கம்பெனி மெடிக்கல் செக்கப் வரை காத்திருப்பதில் பயனில்லை. அந்தப் பட்டியலில் சர்க்கரையும் கொழுப்பும் தவறாமல் இருக்கும். பொட்டாசியம் இருக்கிறதா என்று கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இதே குடும்பத்தின் குளோர்தாலிடோன் இன்னும் நீண்ட நேரம் வேலை செய்யும், பொட்டாசியத்தையும் கொஞ்சம் கூடுதலாக இழக்க வைக்கும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 13,523 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. குளோர்தாலிடோன் சாப்பிட்டவர்களில் 6 சதவீதத்தினருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு சாப்பிட்டவர்களில் 4.4 சதவீதத்தினருக்கும் பொட்டாசியம் குறைந்தது. இதயத்தைக் காப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம். தயசைடுகள் 1950களின் கடைசியில் வருவதற்கு முன்பு, உடம்பு நீரை வடிக்கப் பாதரசம் கலந்த ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்!

ஊறுகாயும் கூட்டாளி

நீர் மாத்திரை சாப்பிடுபவர் உப்பை அள்ளிச் சாப்பிட்டால் பொட்டாசியம் இன்னும் வேகமாகப் போகும். குழலின் கடைசிப் பகுதிக்கு வரும் சோடியம் கூடுகிறது அல்லவா? ‘உங்களுக்கு உப்பு குறைவு’ என்று டாக்டர் சொன்னால், சோடியமா பொட்டாசியமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். பொட்டாசியம் குறைந்தவர் வீட்டுக்கு வந்து மோரில் உப்பைக் கூட்டினால் நிலைமை மோசமாகும்.

பெயின்ட் ஷாப்பும் நீல இன்ஹேலரும்

கார், லாரி தொழிற்சாலைகளில் பெயின்ட்டை இறுக வைக்கச் சேர்க்கும் ஹார்ட்னர்களில் ஐசோசயனேட் இருப்பதுண்டு. வேலையினால் வரும் ஆஸ்துமாவுக்கு உலகமறிந்த காரணங்களில் இது ஒன்று. அந்த ஆஸ்துமாவுக்குக் கைவசம் இருப்பது சால்பியூட்டமால் இன்ஹேலர். இரண்டு பஃப் அடித்தால் பொட்டாசியம் பெரிதாக அசையாது. நெபுலைசரில் மீண்டும் மீண்டும் கொடுக்கும்போது கதை மாறும்; ஒரு மணி நேரத்துக்குள் அரை மில்லிமோல் முதல் ஒரு மில்லிமோல் வரை இறங்கலாம். மருந்து அந்தச் சவ்வுப் பம்பை முடுக்கிவிடுகிறது, பொட்டாசியம் செல்லுக்குள் ஓடிவிடுகிறது. நெபுலைசரோடு டெரிஃபில்லின் ஊசியும் ஸ்டீராய்டு ஊசியும் ஒரே இரவில் சேர்ந்தால், மூன்றும் ஒரே திசையில் இழுக்கும். அன்றைக்கு இசிஜி எடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

பொட்டாசியம் ஆபத்தான அளவு ஏறிய நோயாளிக்கு இதே குணத்தை மருந்தாகவே பயன்படுத்துகிறார்கள். குளுக்கோஸும் இன்சுலினும் ஏற்றுவார்கள், சால்பியூட்டமால் நெபுலைசர் வைப்பார்கள். இன்சுலினும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் அனுப்பும் மருந்துதான்.

ராத்திரி பிரியாணி, காலையில் கால் வரவில்லை

நாள் முழுக்கக் கடும் வேலை. இரவு வயிறு முட்டப் பிரியாணி. விடியற்காலையில் எழுந்தால் இரண்டு காலும் அசையவில்லை. 20 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆசிய ஆண்களிடம் அதிகம் காணப்படும் நோய் இது. காரணம், அதிகமாகச் சுரக்கும் தைராய்டு. உடல் எடையைக் குறைக்க யாரோ கொடுத்த தைராய்டு மாத்திரையை விழுங்கினாலும் இப்படி நேரலாம். மாவுச்சத்து ஏறியதும் இன்சுலின் சுரக்கும். இன்சுலினும் தைராய்டும் சேர்ந்து பொட்டாசியத்தை உள்ளே அடைத்துவிடும். பக்கவாதம் என்று வீட்டார் பயப்படலாம், லீவுக்கு நாடகம் என்று சூப்பர்வைசர் முடிவுகட்டலாம். இரத்தம் பார்த்தால் விடை தெரிந்துவிடும். இங்கே பொட்டாசியம் ஒளிந்திருக்கிறதே தவிரத் தொலையவில்லை. சில மணி நேரத்தில் தானாகவே வெளியே வரும். அவசரப்பட்டு அதிகமாக ஏற்றிவிட்டால், பிறகு அளவு தேவைக்கு மேல் எகிறும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பொட்டாசியம் குறைந்து கைகால் விழுந்தவர்களை ஆராய்ந்து 2006இல் எழுதியிருக்கிறார்கள். சிறுநீரகக் குழல் அமிலத்தை வெளியேற்ற முடியாத நோயும், ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் மிகுவதும் அங்கே முக்கியக் காரணங்களாக இருந்தன. மாத்திரை எதுவும் சாப்பிடாதவருக்கு அளவு குறைந்தால் தேட வேண்டிய இடங்கள் இவை.

நைட் ஷிப்ட் கோலா

தூக்கம் வராமலிருக்கக் கோலா குடிப்பவர்கள் கவனிக்க. தினம் 4 முதல் 10 லிட்டர் வரை கோலா குடித்த ஆஸ்திரேலிய நெருப்புக்கோழிப் பண்ணையாளர் ஒருவர் தசை செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சர்க்கரையும் காபீனும் கூட்டுச் சேர்ந்த வேலை. பிரேக்கில் குடிக்கும் இரண்டு டீ இந்தக் கணக்கில் வராது.

‘கேஸ் மாத்திரை’

வெறும் வயிற்றில் விழுங்கும் பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகைகளை நம்மூரில் மிட்டாய் மாதிரி வாங்குகிறார்கள். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு மெக்னீசியம் குறையும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011 மார்ச்சில் இதை எச்சரிக்கையாகவே அறிவித்தது. மெக்னீசியம் குறைந்தால் சிறுநீரகத்தில் பொட்டாசியம் ஒழுகும் வாய்க்கால் திறந்தே கிடக்கும். எத்தனை பாட்டில் பொட்டாசியம் சிரப் குடித்தாலும் அளவு ஏறாமல் அடம்பிடிக்கும் நோயாளிகள் உண்டு. அவர்களுக்கு மெக்னீசியம் பார்த்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி.

பல கேஸ் கேப்ஸ்யூல்களில் டோம்பெரிடோனும் சேர்ந்திருக்கும். அது இதயத்தின் மின் ஓட்டத்தைக் கொஞ்சம் நீட்டிவிடக்கூடியது. ஐரோப்பாவில் 2014இலேயே அதன் அளவையும் நாட்களையும் குறைத்துவிட்டார்கள். பொட்டாசியம் குறைந்த இதயத்தில் அந்த நீட்சி பெரிய தாளப் பிசகாக மாற வழியுண்டு. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின், வாந்திக்குத் தரும் ஒன்டான்செட்ரான் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். இதயத்துக்கான டிகாக்சினோ இன்னும் முரட்டு மருந்து. அது பிடிப்பதே அந்தச் சோடியம்–பொட்டாசியம் பம்பைத்தான். பொட்டாசியம் குறையக் குறைய அதன் பிடி இறுகும். நேற்றுவரை ஒத்துக்கொண்ட டோஸே இன்று நஞ்சாகலாம்.

கரும்பூஞ்சை ஆண்டு

2021 மே மாதம் தமிழகம் கரும்பூஞ்சையை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அதற்குக் கொடுத்த ஆம்போடெரிசின் பி, பூஞ்சையின் சவ்வில் துளை போட்டுக் கொல்லும் மருந்து. சிறுநீரகக் குழலின் சவ்வையும் அது சும்மா விடாது; பொட்டாசியமும் மெக்னீசியமும் அந்த வழியே கசியும். அந்த வார்டுகளில் அடிக்கடி இரத்தம் எடுத்ததற்கு இதுவும் காரணம்.

நாட்டு மருந்துக் கடையில்

இருமலுக்குச் சுவைக்கும் ஒரு துண்டு அதிமதுரத்தால் ஒன்றும் ஆகாது. தினமும் நிறையச் சாப்பிட்டால் ஆகும். அதிலுள்ள கிளிசிரைசின் சிறுநீரகத்தில் ஒரு நொதியை முடக்கிவிட, உடம்பின் கார்ட்டிசால் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோனின் வேலையைச் செய்யத் தொடங்கும்: பிரஷர் ஏறும், பொட்டாசியம் வடியும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சில வாரங்கள் தினமும் ஒன்றரைப் பை அதிமதுர மிட்டாய் தின்ற 54 வயதுக்காரர் இதயம் நின்று இறந்தது 2020இல் வெளியான மருத்துவக் குறிப்பு. பிரஷருக்கு நீர் மாத்திரையும் மூட்டுவலிக்கு அதிமதுரச் சூரணமும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் இரண்டு வைத்தியரிடமும் மற்றதைச் சொல்லிவிடுங்கள்.

ஜிம்மில் கிடைக்கும் ‘கொழுப்புக் கரைப்பான்’

கிளென்பியூட்டெரால் என்ற பெயரைக் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். சால்பியூட்டமாலின் நீண்ட நேரம் நிற்கும் உறவினர் அது. விளையாட்டுகளில் தடைசெய்யப்பட்டது. எடையைக் குறைத்துக் காட்டுவதற்காக விழுங்கும் நீர் மாத்திரையும் அப்படியே. தொடர்ந்து எடுத்துக்கொள்ளும் பேதி மாத்திரையில் பொட்டாசியம் மலத்தோடு போகிறது. எடை குறைந்ததாகத் தெரிவது பெரும்பாலும் தண்ணீர்தான்.

ஓஆர்எஸ் பொட்டலத்துக்குள்

2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானது. 250 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் கதி தெரியாமல் மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். வயிற்றுப்போக்கு எந்த மாத்திரைக்கும் குறையாமல் பொட்டாசியத்தை வெளியேற்றும். ஏற்கெனவே நீர் மாத்திரையில் இருப்பவருக்கு வயிறும் போனால் இரட்டை அடி.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் ஓஆர்எஸ்ஸில் ஒரு லிட்டருக்குச் சமையல் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் திலீப் மஹாலனாபிஸ் டிரம்களில் கலந்து கொடுத்த கரைசலில் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும்தான் இருந்தன, பொட்டாசியம் இல்லை. அதுவே எண்ணற்ற காலரா நோயாளிகளின் உயிரைக் காத்தது. 2022இல் காலமான அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் வந்தது. நாம் வீட்டில் கலக்கும் உப்பு–சர்க்கரைத் தண்ணீரிலும் பொட்டாசியம் கிடையாது. கூடவே இளநீர் குடித்தால் அந்தக் குறை தீரும்.

கடையில் ‘ஓஆர்எஸ்’ என்று பெயர் ஒட்டி விற்ற சர்க்கரைப் பானங்களை, ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷின் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்தது. டெட்ரா பேக்கைவிடப் பொட்டலமே மேல்.

 

வெயிலில் நின்ற இரத்தக் குழாய்

முகாமில் காலையில் எடுத்த இரத்தம் மே மாத வெக்கையில் மத்தியானம் வரை டப்பாவிலேயே கிடந்தால், குழாய்க்குள்ளிருக்கும் இரத்த அணுக்கள் பொட்டாசியத்தை உறிஞ்சிக்கொள்ளும். ரிப்போர்ட்டில் பொய்யான குறைவு வரும். அதே குழாயை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தால் அணுக்களிலிருந்து கசிந்து பொய்யான உயர்வு வரும். கையைக் கட்டிவிட்டு ‘மூடித் திற, மூடித் திற’ என்று சொல்வதும் அளவை ஏற்றிக் காட்டும். ரிப்போர்ட் உடம்போடு ஒத்துப்போகவில்லை என்றால் இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பதே முறை.

எத்தனை வாழைப்பழம்?

இரத்தத்தில் பொட்டாசியம் 4இலிருந்து 3க்கு இறங்கினால், உடம்பின் மொத்த இழப்பு 200 முதல் 400 மில்லிமோல் வரை இருக்கலாம். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 11 மில்லிமோல். கணக்குப் போட்டால் சுமார் 18 முதல் 36 பழம் வரை ஆகிறது! தவிர, நீர் மாத்திரை பொட்டாசியத்தோடு குளோரைடையும் கொண்டுபோகிறது. பழத்தில் குளோரைடு சொற்பம். பொட்டாசியம் குளோரைடு சிரப்பை டாக்டர் எழுதுவது அதனால்தான். அதன் சுவையைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நாகரிகம். நிறையத் தண்ணீரில் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு குடிப்பது வயிற்றுக்கு நல்லது.

எல்லாருக்கும் இளநீர் அமிர்தமல்ல

டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவை பொட்டாசியத்தைப் பிடித்து வைப்பவை. டெல்மிசார்ட்டனோடு ‘எச்’ சேர்த்த மாத்திரையில் ஒன்று பிடிக்கிறது, மற்றது விடுகிறது. சிறுநீரகம் தளர்ந்தவர் இந்தப் பிடிக்கும் வகையையும் சாப்பிட்டு, ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கும் பொட்டாசியம் கலந்த உப்பையும் போட்டு, தினமும் இளநீரும் குடித்தால் அளவு மேலே போய் இதயத்தை நிறுத்தலாம். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அந்த உப்பு பிரஷரைக் குறைக்கும். சீனாவின் 600 கிராமங்களில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, பக்கவாதமும் குறைவதாகக் காட்டியது.

நரம்பில் ஏற்றும் பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பூல் ஒன்றில் 20 மில்லிமோல் இருக்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி முழுவதிலும் இருப்பதே 12 மில்லிமோல் அளவுதான். நீர்க்காமல் நேராக ஏற்றினால் உயிர் போய்விடும். அடர் கரைசல்களை வார்டு அலமாரியில் வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவுறுத்தியது.

நான்கு கவுன்டர், ஒரு உடம்பு

500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் முதலுதவி அறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவைத்தது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இஎஸ்ஐ மருந்தகம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. நான்காவது கவுன்டர் மெடிக்கல் ஷாப். நான்கிலும் வாங்கியவர் ஒரே ஆள் என்பது எந்தக் கவுன்டருக்கும் தெரியாது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த 18,720 பேர் தங்கும் விடுதி போன்ற இடங்களில், பக்கத்துக் கட்டில்காரரின் பையும் ஐந்தாவது கவுன்டர் ஆகிவிடுவதுண்டு. எல்லா அட்டைகளையும் ஒரே கவரில் போட்டு டாக்டரின் மேசையில் கொட்டுவதற்குச் செலவு எதுவும் இல்லை. கெண்டைக்கால் பிடிப்பு, காரணமில்லாத அசதி, மலச்சிக்கல், நெஞ்சுப் படபடப்பு இவற்றில் ஏதாவது புது மாத்திரைக்குப் பின் தொடங்கியிருந்தால் அதையும் சொல்லலாம்.

மாத்திரையால் வந்த கோளாறைப் பதிவுசெய்ய 2010 முதல் தேசியத் திட்டம் ஒன்று நடக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத் தரநூல் ஆணையம் அதை நடத்துகிறது. கட்டணமில்லா எண் 1800 180 3024. டாக்டர்தான் எழுத வேண்டும் என்றில்லை. மாத்திரை சாப்பிட்டவரே எழுதலாம். படிவம் தமிழிலும் இருக்கிறது.